இலையில்லாச் செடிக்கு உணவளித்தது யார்?

மாமரத்தின் கொம்பிலே வேரூன்றி, அம்மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவியை அறியாதார் தமிழ் வழங்கும் ஊர்களில் இலர். பிறர் உழைப்பில் உண்டு வாழ்வோரை அப்பெயரால் இகழ்வதும் உலக வழக்கு. ஆயினும் நுணுகி நோக்கின், புல்லுருவியும் முழுச் சோம்பேறி அன்று. அதற்குப் பச்சை இலை உண்டு. மரத்திடம் அது பறிப்பது பெரும்பாலும் நீரும் உப்புக்களுமே. மாப்பொருளில் ஒரு நல்ல பங்கைச் சூரிய ஒளியைக் கொண்டு தானே ஆக்கிக் கொள்கிறது.

அங்ஙனமாயின், பச்சை இலை ஒன்றேனும் இல்லாத செடியைப்பற்றி யாது கூறுவது? அச்செடி எந்த மரத்தின் கொம்பிலும் ஏறவில்லை. எந்த மரத்தின் வேரையும் பற்றவில்லை. ஏனைய செடிகளைப் போலவே மண்ணில் நின்று, தண்டு விட்டு, பூத்து, காய்த்து, வித்துக்களை உதிர்க்கிறது. அதற்கு உணவு எங்கிருந்து வருகிறது? இவ்வினா 19ஆம் நூற்றாண்டின் தாவரவியலாளரைப் பெரிதும் அலைக்கழித்தது. அதற்கு முழு விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. விடை கிடைத்தபோதோ, அது ஒரு சிறு செடியைப்பற்றிய விடையாக மட்டும் நிற்கவில்லை. காடு என்றால் என்ன என்பதையே அறிஞர் புதிதாய் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

ஐரோப்பாவின் பைன் காடுகளிலும் பீச்சு மரக் காடுகளிலும், வேனிற் காலத்தில், உதிர்ந்த சருகுகளைப் பிளந்துகொண்டு வெளிறிய மஞ்சள் நிறமான தண்டொன்று எழும். அதன் உயரம் ஒரு சாண் அளவே. இலைகள் இருக்கவேண்டிய இடத்தில் செதில்கள் மட்டும் ஒட்டியிருக்கும். தண்டின் நுனி வளைந்து, பூக்கள் நிலத்தை நோக்கித் தொங்கும். மொனோதிரோப்பா என்பது அதன் பெயர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு 1753இல் வெளியிட்ட நூலிலே இப்பெயர் இடம்பெற்றுள்ளது. வட அமெரிக்காவில் இதன் உறவினமொன்று தூய வெண்ணிறத்தில் வளர்கிறது. அந்நாட்டு மக்கள் அதனைப் பேய்ச்செடி என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். பறித்தெடுத்தால் கறுத்துப்போவது இவ்வினத்தின் இயல்பு. எனவே உலர்த்திய தாவரங்களைச் சேர்த்து வைக்கும் காட்சிச்சாலைகளில், மொனோதிரோப்பா ஒரு கரிய காம்பாகவே காட்சியளித்தது.

பச்சையம் உள்ள செடி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் மண்ணிலுள்ள நீரையும் கொண்டு, ஒளியின் துணையால் வெல்லத்தை ஆக்குகிறது. இதனை இக்காலத்துப் பள்ளி மாணவர் ஒளித்தொகுப்பு என்று படிக்கின்றனர். பச்சையம் இல்லாத செடிக்கு இவ்வாற்றல் இல்லை. எனவே அது பிற உயிர் ஒன்று ஆக்கிய உணவை உண்டே வாழவேண்டும். அவ்வுயிர் எது என்பதே வழக்கு.

1841ஆம், 1842ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் வெளிவந்த பைற்றோலொஜிஸ்ற் என்னும் தாவரவியல் ஏட்டில் இவ்வழக்கு வெளிப்படையாக நடைபெற்றது. மொனோதிரோப்பா மரவேரில் வாழும் ஒட்டுண்ணியே என்று எட்வின் லீஸ் என்பார் எழுதினார். செடியின் வேரைச் சுற்றிப் பஞ்சுபோல் படர்ந்திருந்த மெல்லிய இழைகளும் அவர்தம் விவாதத்திற்குப் பொருளாயின. அவ்விழைகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த ரைலண்ட்ஸ் என்பவர், அவை செடியின் உறுப்புக்கள் அல்ல, பங்கசு இழைகளே என்று 1842இல் நிறுவினார். காளான், பூஞ்சணம் முதலியன யாவும் அடங்கிய உயிர்க்குலமே பங்கசு எனப்படுவது. ஆனால், ரைலண்ட்ஸ் அடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை. அப்பங்கசு செடியின் வாழ்வுக்கு இன்றியமையாதது அன்று என்று அவர் முடிவு கட்டினார். விடை அவருடைய நுணுக்குக்காட்டியின் கீழேயே கிடந்தது. அதனை விடையென்று அவர் அறிந்திலர்.

இவ்விரு கட்சியினருக்கும் இடையே மூன்றாவது கருத்தொன்று மெல்ல நிலைபெற்றது. இலை, சருகு முதலியன உக்கிக் கரிய மண்ணாவதை உக்கல் என்பர். பச்சையில்லாச் செடிகள் அவ்வுக்கலைத் தம் வேர்களால் நேரே உறிஞ்சி வாழ்கின்றன என்பதே அக்கருத்து. பயிர்கள் யாவும் உக்கலையே உண்கின்றன என்று அதற்கு முன்னர் பலரும் நம்பியிருந்தனர். ஜேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் 1840இல் வெளியிட்ட நூலால் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். எனினும், பச்சையில்லாச் செடிகளைப் பொறுத்தவரையில் அப்பழைய எண்ணம் அழியாது ஒதுங்கி நின்றது. அச்செடிகளுக்கு அழுகல்வளரி என்னும் பெயரும் சூட்டப்பட்டது. பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் பொருளும் விளங்கிவிட்டது என்று மனம் அமைதி கொள்ளும். அழுகல்வளரி என்னும் சொல் அத்தகைய அமைதியைத் தாவரவியலாருக்குப் பல தலைமுறைகள் அளித்தது.

அவ்வமைதியை முதன்முதலிற் குலைத்தவர் போலந்து நாட்டினர் ஒருவர். பிரான்சிசெக் காமியென்ஸ்கி 1851இல் லூப்ளின் நகரிற் பிறந்தவர். அந்நாளில் போலந்து மூன்று பேரரசுகளால் பங்கிடப்பட்டு, உலகப் படத்திலே தனி நாடாக இடம்பெறாது கிடந்தது. அவருடைய ஆராய்ச்சி 1881இல் ஜேர்மன் மொழியிலும், விரிவாக 1882இல் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது. அவர் செய்தது எளிய செயல். பொறுமை வேண்டிய செயல். மொனோதிரோப்பாவின் வேர்த்தொகுதியைச் சுற்றியிருந்த மண்ணோடு எடுத்து, அணு அணுவாக ஆராய்ந்தார். மரவேரைத் துளைத்து உறிஞ்சும் உறுப்பு எங்கேனும் உண்டா என்று தேடினார். அத்தகைய உறுப்பு எதனையும் அவர் காணவில்லை. ஆகவே அது மரத்தை நேரே பற்றும் ஒட்டுண்ணி அன்று.

அடுத்து அவர் கண்டதே முதன்மையானது. வேரின் நுனிமுதல் அடிவரை பங்கசு இழைகள் நெருங்கிப் பின்னி, உறைபோல் அதனை முற்றாக மூடியிருந்தன. அவ்வுறைக்கு வெளியே, மண்ணைத் தொடுகின்ற வேர்ப்பகுதி என்று ஒன்று இல்லை. மண்ணைத் தொடாத வேர் உக்கலை உறிஞ்சுவது எங்ஙனம்? எனவே, நீராயினும் உணவாயினும் செடிக்குள்ளே புகுவது எதுவாயினும் அது பங்கசின் வழியாகவே புகவேண்டும் என்று காமியென்ஸ்கி எழுதினார். அருகேயிருந்த மரங்களின் வேர்களிலும் அதனை ஒத்த பங்கசு உறை இருப்பதை அவர் கவனித்தார். மரத்தைப் பொறுத்தமட்டில் அப்பங்கசு ஒட்டுண்ணியே என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் செடிக்கு உணவு செல்லும் வாயிலை அவர் சரியாகவே காட்டிவிட்டார். பிற்காலத்தில் ஒடெசாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த அவர் 1912இல் மறைந்தார். அவர் கூற்றின் முழுப் பெறுமதியும் அவர் வாழ்நாளில் உணரப்படவில்லை.

இதே காலத்தில் பேர்லின் நகரில் வேறொரு தேவையின் பொருட்டு மரவேர்கள் ஆராயப்பட்டன. திரபிள் எனப்படுவது நிலத்துக்குக் கீழே, மரவேர்களின் அயலில் விளையும் ஒருவகைக் காளான். செல்வர் வீட்டு விருந்துகளில் மிகுந்த விலை பெறுவது. அதனைப் பிரசிய நாட்டிலும் பயிரிட்டு வருவாய் பெறலாமா என்று ஆராயுமாறு, அந்நாட்டு விவசாய அமைச்சு பேராசிரியர் அல்பேட் பேர்ண்ஹாட் பிராங்க் என்பாரைப் பணித்தது. திரபிளைப் பயிராக்கும் வழியை அவர் கண்டுபிடித்தாரல்லர். ஆனால், ஓக்கு, பீச்சு, பைன் முதலிய மரங்களின் உறிஞ்சும் வேர்கள், காட்டுக்குக் காடு, மரத்துக்கு மரம், பங்கசு உறையால் மூடப்பட்டிருப்பதை அவர் கண்டார். நோயுற்ற மரங்களில் மட்டும் அவ்வுறை இருப்பின் அதனை நோயெனலாம். நன்கு செழித்த மரங்களிலும் அவ்வாறே இருந்தது.

1885இல் வெளியிட்ட கட்டுரையில், வேரும் பங்கசும் சேர்ந்து ஓர் உறுப்பாக இயங்குகின்றன என்று பிராங்க் கூறினார். அக்கூட்டுறுப்புக்கு, பங்கசு, வேர் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, மைக்கோரைசா என்று பெயரிட்டார். தமிழில் அதனை வேர்ப்பங்கசு எனலாம். பங்கசு மண்ணிலிருந்து நீரையும் உப்புக்களையும் திரட்டி மரத்துக்கு அளிக்கிறது. மரமோ தான் ஆக்கிய உணவிற் பங்கு கொடுக்கிறது. ஒன்றையொன்று அழியாது சேர்ந்து வாழும் இம்முறையே ஒன்றியவாழ்வு. 1887இல் அவர் மேலும் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். சில வேர்களில் பங்கசு வெளியே உறையாகும். வேறு சிலவற்றில் வேரின் கலங்களுக்குள்ளே நுழைந்து வாழும்.

பிராங்கின் கூற்றை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்கவில்லை. பங்கசு என்றால் பயிருக்குப் பகை என்றே உழவரும் ஆய்வாளரும் எண்ணியிருந்த காலம் அது. 1840களில் ஐரோப்பாவின் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய வெளிறல் நோயும், அதன் விளைவாக அயர்லாந்தில் நேர்ந்த பெரும் பஞ்சமும் எவரும் மறந்திராதவை. அந்நோய்க்குக் காரணமான உயிரை அந்நாளில் பங்கசு என்றே கருதினர். மூனிச் நகரத்து றொபேட் ஹாட்டிக் முதலிய வனவியல் அறிஞர் பிராங்கை மறுத்து எழுதினர். பிராங்கோ பரிசோதனையாலே மறுமொழி கூறினார். பங்கசு அழியுமாறு வெப்பமூட்டிய மண்ணில் சில பைன் நாற்றுக்களையும், இயல்பான காட்டு மண்ணில் வேறு சிலவற்றையும் நட்டு வளர்த்தார். இயல்பான மண்ணில் நின்றவை தழைத்தன, மற்றவை தேய்ந்தன. 1900இல் அவர் காலமானபோதும் விவாதம் ஓயவில்லை. அவர் வைத்த பெயர் மட்டும் உலகெங்கும் பரவிவிட்டது.

இனி, கதை பிரான்சு நாட்டிற்குச் செல்கிறது. அங்கே வினா மரத்தைப்பற்றியது அன்று, ஓக்கிட்டைப்பற்றியது. ஓக்கிட்டு வித்துக்கள் தூசிபோல் நுண்ணியவை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருப்பவை. நெல்லிலும் பயற்றிலும் இருப்பதுபோன்ற உணவுச் சேமிப்பு அவற்றில் இல்லை. வெப்ப நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஓக்கிட்டுக்களுக்குச் செல்வர் பெரும்பொருள் கொடுத்தனர்; ஆயினும் வித்திலிருந்து அவற்றை வளர்க்கும் கலை தோட்டக்காரருக்குக் கைவரவில்லை. தாய்ச்செடி நிற்கும் சட்டியிலேயே வித்தைத் தூவினால் சிற்சில முளைப்பதுண்டு என்பதை மட்டும் பட்டறிவால் அறிந்திருந்தனர். ஏன் என்று அறிந்தாரில்லை.

நொயெல் பேர்னார் 1874இல் பாரிசிற் பிறந்தவர். 1899ஆம் ஆண்டிலே மெலன் நகரிற் படைச்சேவை புரிந்துகொண்டிருந்த அவ்விளைஞர், ஓய்வு கிடைத்த வேளைகளில் அருகேயுள்ள பொந்தென்புளோ காட்டில் உலாவுவது வழக்கம். அவ்வாண்டு மே மாதம் 3ஆந் தேதி, நியோத்தியா என்னும் ஓக்கிட்டின் பழைய பூந்தண்டொன்று சருகுகளிற் புதைந்து கிடப்பதை அவர் கண்டார். நியோத்தியாவும் மொனோதிரோப்பாவைப் போலவே பச்சை இலை இல்லாதது, கபில நிறமுடையது. புதைந்த காய்களினுள்ளே வித்துக்கள் வெளியே சிந்தாது முளைத்துக் கிடந்தன. அவற்றை அறுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கிய பேர்னார், முளைத்த ஒவ்வொன்றிலும் பங்கசு இழைகள் புகுந்திருப்பதைக் கண்டார். பங்கசு உட்புகுந்தால் அன்றி ஓக்கிட்டு வித்து முளைத்து வளராது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அம்மாதத்திலேயே அச்செய்தி பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்திற்கு எட்டியது.

அதன்பின் சில ஆண்டுகளில், வேரிலிருந்து பங்கசைத் தனியே பிரித்து வளர்த்து, தூய வித்துக்களோடு சேர்த்து, அவற்றை முளைக்கச் செய்தும் காட்டினார். 1909இல் ஒன்றியவாழ்வைப்பற்றி அவர் எழுதிய ஆய்வு வெளிவந்தது. 1911ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, 36 வயதில், காசநோய் அவரைக் கொண்டு சென்றது. அவர் காட்டிய வழியைத் தழுவி ஐரோப்பியத் தோட்டக்காரர் ஓக்கிட்டுக்களை வித்திலிருந்து வளர்க்கலாயினர்.

பங்கசு வித்துக்குக் கொடுப்பதுதான் யாது? இதற்கு விளக்கம், மறுதலையான ஒரு பரிசோதனையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூவிஸ் நட்சன், பங்கசு சிறிதும் இல்லாத கண்ணாடிக் குழாயில், உப்புக்களோடு வெல்லமும் கலந்த ஊட்டத்தில் ஓக்கிட்டு வித்துக்களை இட்டார். அவை முளைத்தன. 1922இல் அவர் இதனை வெளியிட்டபோது, பேர்னாரின் கொள்கை வீழ்ந்தது என்றே சிலர் கருதினர். உண்மையில், அக்கொள்கையின் உட்பொருளை அப்பரிசோதனை துலக்கியது. வித்துக்கு வேண்டியது வெல்லம். ஆய்வுகூடத்தில் அதனை மனிதன் கொடுக்கிறான். காட்டில் அதனைக் கொடுக்கப் பங்கசைத் தவிர வேறு யாருமில்லை.

ஆனால் பங்கசும் பச்சையம் இல்லாத உயிரே. அதற்கு வெல்லம் எங்கிருந்து வந்தது? இந்த இறுதி வினாவுக்கு விடை காண, அணுவியல் தந்த கருவி ஒன்று தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், கதிர்த்தொழிற்பாடுடைய காபனும் பொசுபரசும் ஆய்வுகூடங்களுக்குக் கிடைக்கலாயின. அவை இயல்பான காபனையும் பொசுபரசையும் போலவே உயிர்களின் உடலிற் செல்லும். ஆனால் செல்லுமிடமெல்லாம் தம் இருப்பைக் கருவிக்கு அறிவித்துக்கொண்டே செல்லும். சுவீடனில் எலியாஸ் மெலின் என்பாரும் அவருடைய துணைவரும் 1950களில் இவற்றைக் கொண்டு பிராங்கின் கூற்றை மெய்ப்பித்தனர். பொசுபரசு பங்கசிலிருந்து பைன் நாற்றுக்கும், காபன் பைன் நாற்றிலிருந்து பங்கசுக்கும் செல்வது ஐயமற விளங்கிற்று.

அதே நாட்டைச் சேர்ந்த எரிக் பியோர்க்மன் இம்முறையை மொனோதிரோப்பாவிடம் கொண்டு சென்றார். பைன், ஸ்பிறூஸ் மரங்களின் பட்டையின் கீழே, கதிர்த்தொழிற்பாடுடைய காபன் அடங்கிய குளுக்கோசுக் கரைசலைச் செலுத்தினார். சில நாட்கள் கழித்து, அம்மரங்களுக்கு அயலில் நின்ற மொனோதிரோப்பாச் செடிகளைச் சோதித்தார். மரத்தில் ஏற்றிய காபன் அச்செடிகளில் இருந்தது. வேறு சில செடிகளைச் சுற்றி நிலத்தில் உலோகத் தகடுகளைப் புதைத்து, மரவேர்களோடு உள்ள தொடர்பைத் துண்டித்தார். அச்செடிகள் நலிந்தன, சுற்றிலும் உக்கல் நிறைந்திருந்தும் அவற்றுக்குப் பயனில்லை. 1960இல் பியோர்க்மன் இம்முடிவுகளை வெளியிட்டார். மரம் ஆக்கிய வெல்லம் பங்கசுக்குச் செல்கிறது. பங்கசிடமிருந்து மொனோதிரோப்பா அதனைப் பெறுகிறது.

1842இல் வழக்காடிய இருவரும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கையில் வைத்திருந்தனர் என்பது இப்பொழுது புலப்படும். மரமே உணவின் ஊற்று என்ற லீஸ் கூறியதில் உண்மை இருந்தது. வேரைச் சூழ்ந்தது பங்கசு என்ற ரைலண்ட்ஸ் கூறியதும் உண்மை. இரண்டையும் இணைக்கும் பாலத்தை காமியென்ஸ்கி கண்டார். அப்பாலத்தின்மேல் உணவு செல்வதை, அவர் எழுதி ஏறத்தாழ 80 ஆண்டுகளின் பின் பியோர்க்மன் காட்டினார்.

இத்தனைக்குப் பின்னும் அழுகல்வளரி என்னும் பெயர் பாடநூல்களை விட்டு எளிதில் அகலவில்லை. பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோனதன் லீக் 1994இல் எழுதிய விரிவான ஆய்விலே, பூக்குந் தாவரங்களில் உக்கலைத் தானே செரித்து வாழ்வதாக நிறுவப்பட்டது ஒன்றேனும் இல்லை என்பதை எடுத்துக்காட்டி, பங்கசுவழி உணவு பெறுவன என்னும் பொருள்படும் பெயரே இவற்றுக்குப் பொருந்துமென வற்புறுத்தினார். அன்று அவர் கணக்கிட்டவை 400க்கு மேற்பட்ட இனங்கள். இன்று அத்தொகை 500ஐக் கடந்துள்ளது.

அவற்றுட் சில இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் உண்டு. அவற்றின் வரலாறும் 1840களிலேயே தொடங்குகிறது. ஜோன் ஜோர்ஜ் சாம்பியன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1838முதல் 1847வரை இலங்கையிற் பணியாற்றியவர். கடமை ஒழிந்த நேரங்களில் காடுகளிற் செடிகளைத் தேடித் திரட்டியவர். கிரைமியப் போரில், இங்கர்மன் களத்திற் பட்ட காயத்தால் 1854இல் உயிர் நீத்தார். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ், 1858முதல் 1864வரை வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலிலே, பச்சை இலையற்ற ஒரு சிறு வெண்ணிறச் செடிக்குச் சாம்பியனின் நினைவாக பேர்மானியா சாம்பியோனி என்று பெயர் சூட்டினார். விரல் நீளத்துக்குச் சற்று மிகுந்த அச்செடியை, காட்டில் நடப்போர் காலடியில் மிதித்தும் அறியார். சயபிலா என்னும் இனத்தைச் சேர்ந்த செந்நிறச் சிறு செடிகளும் இந்நாட்டிலிருந்து அறியப்பட்டவை. காமியென்ஸ்கி எழுதுவதற்கு முன்னரே இவை பெயர் பெற்றுவிட்டன. பெயர் சூட்டியோர் பூவையும் காயையும் அளந்தனர். வேரில் இருந்த துணைவனை ஆராயும் காலம் அன்று பிறக்கவில்லை.

மொனோதிரோப்பாவின் துணைவன், வேருக்கு வெளியே உறையாகப் படரும் காளான். பேர்மானியா, சயபிலா முதலியவற்றின் துணைவனோ வேரின் கலங்களுக்குள்ளே வாழும் பங்கசு. மழைக்காட்டு மரங்களுட் பலவற்றின் வேர்களில் வாழ்வதும் அவ்வகையே. 21ஆம் நூற்றாண்டில், பரம்பரைப் பொருளை ஆராயும் முறையால் இவ்வுறவு தெளிவாயிற்று. சிங்கராசக் காட்டை அணிசெய்யும் ஹொர முதலிய மரங்களின் குடும்பமோ, வெப்ப நாட்டு மரக்குடும்பங்களுட் சிறுபான்மையாக, உறைப்பங்கசைத் துணைகொண்டது. ஆகவே மண்ணுக்குக் கீழே இருவகை இழைகளும் பரவியிருக்கும் காடுகள் இவை.

பச்சையில்லாச் செடிகள் யாவும் உயிருள்ள மரத்தின் உணவையே பங்கசுவழிப் பெறுகின்றன என்றும் கொள்ளலாகாது. கஸ்திரோடியா, எப்பிபோகியம் என்னும் ஓக்கிட்டு இனங்கள் இலங்கையிலும் வாழ்வன. அவ்வினங்களிற் பல, பட்ட மரத்தையும் சருகையும் உக்கச் செய்யும் பங்கசுகளிடமிருந்து உணவு பெறுகின்றன. சீன நாட்டு மருத்துவர் நெடுங்காலமாக மதிக்கும் கஸ்திரோடியாக் கிழங்கு, அத்தகைய பங்கசு ஊட்டிய மரக்கட்டைகளைப் புதைத்து இன்று பயிரிடப்படுகிறது. அழுகல்வளரி என்ற பழைய சொல்லுக்கு ஒரு சிறு நிழல் இங்கே உண்டு. எனினும், அழுகியதைச் செரிப்பது பங்கசே. செடி அதன் கையிலிருந்தே வாங்கி உண்கிறது. பச்சை இலையுள்ள ஓக்கிட்டுக்கள் சிலவுங்கூடத் தம் காபனில் ஒரு பங்கைப் பங்கசிடமிருந்து பெறுவதை 2003இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இவ்வுறவு பழமையானது. ஸ்கொத்லாந்தில் ரைனி என்னுமிடத்துப் பாறையில் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலத் தாவரங்கள் கல்லாய்ச் சமைந்துள்ளன. அவற்றின் கலங்களுள்ளே பங்கசின் கிளைத்த உறுப்புக்கள் இன்றும் காணக் கிடக்கின்றன. உண்மையான வேர் தோன்றுமுன்னரே தாவரத்துக்குப் பங்கசு துணைநின்றது என்பதற்கு அது சான்று. இன்று நிலத்தில் வாழும் தாவர இனங்களில் பத்தில் எட்டுப் பங்குக்குமேல் ஏதோவொரு பங்கசோடு வேரிற் கூடி வாழ்கின்றன.

இவ்வறிவு நடைமுறைக்கும் உதவியுள்ளது. கரீபியன் கடலிலுள்ள போட்டோ ரீக்கோத் தீவிற் பைன் நாற்றுக்களை நட்டு வளர்க்க முயன்றோர் பல ஆண்டுகள் தோல்வியே கண்டனர். நாற்றுக்கள் மஞ்சளித்துக் குன்றின. 1950களில், வளர்ந்த பைன் காட்டு மண்ணைக் கொணர்ந்து இட்டபின் அவை எழுந்தன. அத்தீவின் மண்ணில் இல்லாதிருந்தது பைனுக்கு உரிய பங்கசே.

அதே வேளையில் அளவு கடந்து பேசுதலும் தகாது. 1997இல் கனடாவில் சூசன் சிமார்ட் என்பாரும் துணைவரும், பேர்ச்சு மரத்துக்கும் டக்ளஸ் பேர் என்னும் ஊசியிலை மரத்துக்கும் இடையே காபன் பரிமாறப்படுவதைக் காட்டினர். அதனைத் தொடர்ந்து, தாய்மரம் சேய்மரத்துக்குப் பாலூட்டுவதுபோல் காடு முழுவதும் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கிறது என்ற பேச்சு பரவிற்று. 2023இல் வெளிவந்த மதிப்பாய்வொன்று, அத்தகைய பொதுக் கூற்றுக்களுக்குக் காடுகளிற் கிடைத்த சான்று போதாது என்று எடுத்துரைத்தது. பச்சையில்லாச் செடியோ அவ்விவாதத்துக்கு அப்பாற்பட்டது. அது உயிரோடு நிற்பதே பங்கசுவழி உணவு வந்ததற்குச் சான்று. அதற்குக் கைம்மாறாகப் பங்கசு யாதேனும் பெறுகிறது என்பது நிறுவப்பட்டிலது. இது ஈகையன்று, பெரும்பாலும் ஒருபக்க வாணிபமே.

இதனால் விளையும் ஓர் உண்மை காடு காப்போர்க்கு உரியது. ஏனைய அரிய செடிகளைத் தோண்டி எடுத்துப் பூங்காவிலே நட்டுக் காக்கலாம். மொனோதிரோப்பாவையோ பேர்மானியாவையோ அவ்வாறு பெயர்த்து நட்டு வாழவைத்தல் அரிதினும் அரிது. மரத்தை வெட்டினால் பங்கசுக்கு ஊட்டுவார் இல்லை. பங்கசு மடிந்தால் செடிக்கு ஊட்டுவார் இல்லை. மிகச் சிறிய அச்செடியைக் காக்க விரும்புவோர், அதன் தலைக்குமேல் நிற்கும் மரத்தையும், அடியிற் கிடக்கும் சருகையும், இடையே ஓடும் இழைகளையும் சேர்த்தே காத்தல் வேண்டும்.

அக்காலத்துச் செடிதிரட்டுவோர் பூத்த தண்டைப் பறித்து, தாளில் ஒட்டி, பெயரெழுதி வைத்தனர். செடி கறுத்தது, வினா மட்டும் தாளில் எஞ்சியது. விடையை அவர்கள் மண்ணிலேயே விட்டுவந்தனர். காமியென்ஸ்கி மண்ணோடு தோண்டி எடுத்த நாளிலிருந்தே அது வெளிப்படத் தொடங்கிற்று.